பள்ளத்துத் தோட்டத்தின் மூலை

வெண்ணந்தூர்
யுவ வருடம், மாசி 19

மல்லசமுத்திரம் பெரியநாயகி அம்மாளுக்கு, மருதாசலம் எழுதிக்கொண்டது.

என் மகள் சௌந்திரத்தை உங்கள் மகன் செங்கோட்டையனுக்குக் கேட்டீர்கள். உங்கள் காடு தோட்டம் பார்க்க வந்தோம். இலை போட்டு விருந்து வைத்தீர்கள். நான் கை நனைக்காமல் திரும்பிவிட்டேன். உங்களுக்கு மனத்தாங்கல் இருக்கும். அதை வைத்துக்கொண்டிருப்பதை விடக் காரணத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

பையனிடம் குறை இல்லை. வீட்டிலும் குறை இல்லை. கிணற்றுக்குக் கீழே பள்ளத்துத் தோட்டம் இருக்கிறதே, அதன் மூலையில்தான் குறை. தோட்டம் முழுக்கக் காட்டினீர்கள், அந்த மூலைக்கு மட்டும் எங்களைக் கூட்டிப்போகவில்லை. அங்கே பட்டி போட்டு ஆடு அடைத்திருந்தது. "எருவுக்குப் பட்டி போட்டிருக்கறமுங்க மாமா" என்றார் உங்கள் மகன். பட்டி போடுவது எல்லாரும் செய்வதுதான். ஆனால் உச்சிப் பொழுதில் மேய வேண்டிய ஆடு பட்டிக்குள் ஏன் அம்மா நிற்கிறது? பொழுது சாய்ந்த பிறகுதானே அடைப்பார்கள்?

அதுவும் போகட்டும். ஒரு புல் இல்லாத தரையில் அத்தனை ஆடும் தலையைக் குனிந்துகொண்டு என்ன செய்தன? வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். மண்ணை நக்கிக்கொண்டிருந்தன. உப்புப் பூத்து வெளுத்த களர் மண்ணை மறைக்க வேண்டுமென்றால் ஓலையைப் போட்டு மூடலாம், சாணத்தைக் கொட்டலாம். உப்புக்கு உயிரை விடுகிற ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்துவார்களா? கருவாட்டுக் கூடையைப் பூனையைக் கொண்டு மூடின கதையாக இருக்கிறது.

வரும் வழியில் இன்னொன்றும் பார்த்தேன். உங்கள் ஊர் எல்லையில் ஒரு ஆவாரஞ்செடி முழுசாக இல்லை. எல்லாம் மொட்டை. களர் மண்ணை மீட்கத் தழையாகப் போட்டு மிதிக்கத்தான் அப்படி வெட்டுவார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இடத்தில் பெண் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

மருதாசலம்


மல்லசமுத்திரம்
மாசி 26

வெண்ணந்தூர் அண்ணனுக்கு, பெரியநாயகி சொல்ல மகன் செங்கோட்டையன் எழுதுவது.

மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் பையனுக்கு மாறுகண்ணா, வலிப்பு உண்டா என்று பார்ப்பார்கள். ஆடு என்ன தின்கிறது என்று பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். பட்டிக்காரர் பச்சமுத்துவைக் கேட்டேன். "மேய்ச்சலுக்கு ஓட்டறதுக்குள்ள அவங்க வந்துட்டாங்க ஆத்தா" என்கிறார். நம்பினால் நம்புங்கள்.

சரி, நம்ப மாட்டீர்கள். மூலையில் களர் இருக்கிறது. ஒரு மூலைதான். செங்கோட்டையன் அப்பா இருக்கும்போதே இருந்தது. ஆவாரையும் கொழிஞ்சியும் வெட்டிப் போட்டு, தண்ணீர் கட்டி, மிதித்து மிதித்துப் பாதிக்கு மேல் மீட்டுவிட்டோம். மீதியும் மீண்டுவிடும். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணச் சொல்கிறது ஊர். நான் சொன்னது ஒன்று. அதுவும் வாயால் சொல்லவில்லை, ஆட்டை நிறுத்தினேன், அவ்வளவுதான்.

இப்போது நான் கேட்கிறேன். ஆடு நக்குவதைப் பார்த்த மாத்திரத்தில் களர் என்று கண்டுபிடித்தீர்களே, உங்களுக்கு எப்படித் தெரியும்? பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். உங்கள் காட்டிலும் உப்புப் பூக்கிறதா? இல்லை, இதைவிடப் பெரிய இடம் ஏதாவது வந்து, கழற்றிக்கொள்ள ஒரு சாக்குத் தேடுகிறீர்களா?

இந்த இடத்தில் எழுதுகிறவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "இதெல்லாம் எழுதோணுமா ஆத்தா" என்கிறான். திட்டித்தான் எழுத வைக்கிறேன்.

பெரியநாயகி


வெண்ணந்தூர்
பங்குனி 8

பெரியநாயகி அம்மாளுக்கு,

என் காட்டில் உப்பு இல்லை. உப்பு என் பெரிய மகள் மயிலம்மாள் போன இடத்தில் இருக்கிறது.

அயோத்தியாப்பட்டணத்துக்குக் கிழக்கே கொடுத்தோம். ஐப்பசியில் காடு பார்க்கப் போனோம். நல்ல மழை பெய்து ஓய்ந்த சமயம். எங்கே திரும்பினாலும் பச்சை. உப்பு இருக்கிறதா என்று கேட்டேன். சம்பந்தி சிரித்தார். "உப்பா? எங்க காட்டிலயா? கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணட்டுமா?" என்றார். நான் அந்தப் பச்சை என்ன பச்சை என்று குனிந்து பார்க்கவில்லை. முள் மாதிரி நுனியுள்ள உவர்ப்புல்லும் பேர் தெரியாத தடித்த இலைச் செடியும்தான் அது. நல்ல மண்ணில் அவை முளைத்தாலும் மற்ற செடிகள் அமுக்கிவிடும். வேறெதுவும் பிழைக்காத இடத்தில்தான் அவை ராஜா. கல்யாணம் முடிந்து கோடை வந்ததும் காடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போனது. மாப்பிள்ளை இரண்டு போகம் விதைத்துப் பார்த்துவிட்டு, மூன்றாவதில் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறேன் என்று இலங்கைக்குக் கப்பலேறினார். மயிலம்மாள் அடுத்தவன் காட்டில் களை எடுக்கிறாள். நோம்பி பண்டிகைக்குக்கூட இங்கே வருவதில்லை. வந்தால் என் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

என் பெண் பாழாய்ப்போனதற்கு அந்த ஆள் சொன்ன பொய் ஒரு பங்கு, குனிந்து பார்க்காத என் முதுகு ஒரு பங்கு. சூடு கண்ட பூனை அம்மா நான். போதாக்குறைக்குத் தாது வருஷம் பிறக்கப் போகிறது. போன தாதுவில் பஞ்சத்தில் ஊர் ஊராகச் செத்ததைச் சொல்லித்தான் என் ஆத்தா எங்களுக்குச் சோறு ஊட்டினாள்.

ஆகையால் ஒன்று சொல்கிறேன். அந்த மூலையைச் சுற்றிக் கல் நடுங்கள். உள்ளே எதுவும் விதைக்க வேண்டாம். ஆவாரை மிதிப்பதை மிதியுங்கள். மழை பெய்து தானாக என்ன முளைக்கிறது என்று பார்ப்போம். அருகம்புல்லும் கொழிஞ்சியும் வந்தால் மண் திரும்புகிறது என்று அர்த்தம். உவர்ப்புல் மட்டும் வந்தால் நாம் இரண்டு பேரும் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். முளைப்பதில் ஒரு கொத்தைக் கடிதத்தோடு வைத்து அனுப்புங்கள்.

செடி பொய் சொல்லாது. அதைப் பறித்து அனுப்புகிற கையைத்தான் நான் நம்ப வேண்டியிருக்கிறது.

மருதாசலம்


மல்லசமுத்திரம்
தாது வருடம், சித்திரை 30

அண்ணனுக்கு,

மயிலம்மாள் விஷயம் படித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பாம்பு என்று எழுதியதற்கு வருத்தம். பெரிய இடம் என்று எழுதியதற்கு இன்னும் வருத்தப்படவில்லை. அதைப் பிறகு பார்க்கலாம்.

கல் நட்டாகிவிட்டது. கோடை மழை ஒன்று கொட்டித் தீர்த்தது. முளைத்ததை இத்தோடு வைத்திருக்கிறேன். கொழிஞ்சிதான். வேரோடு பிடுங்கி வைத்திருக்கிறேன், பிறகு அதற்கும் ஒரு கேள்வி கேட்பீர்கள்.

வைகாசியில் நாள் இருக்கிறது. சொல்லி அனுப்புங்கள்.

பெரியநாயகி


வெண்ணந்தூர்
வைகாசி 9

பெரியநாயகி அம்மாளுக்கு,

கொழிஞ்சி வந்து சேர்ந்தது. வேரோடு அனுப்பினீர்களே, ரொம்ப உபகாரம். வேரில் ஒட்டியிருந்த மண் செம்மண். உங்கள் பள்ளத்துத் தோட்டம் சாம்பல் நிறம். நான் கையில் எடுத்துப் பார்த்தது, மறக்கவில்லை.

வைகாசியில் நாள் இருக்கட்டும். அது பாட்டுக்கு இருக்கும்.

மருதாசலம்


மல்லசமுத்திரம்
ஆனி 3

அண்ணனுக்கு,

வரப்பை உயர்த்த மேட்டுக்காட்டிலிருந்து செம்மண் அடித்தோம். கொழிஞ்சி அந்த வரப்பில் பிடுங்கியது. கல்லுக்கு உள்ளே அப்போது ஒன்றும் முளைக்கவில்லை. வெறும் கடிதத்தை அனுப்ப மனம் வரவில்லை.

பொய் இரண்டாகிவிட்டது. எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று கேளுங்கள். என் மகன் தினம் விடிந்ததும் ஆவாரை வெட்டப் போகிறான். பக்கத்தில் எல்லாம் தீர்ந்துபோய், கரட்டுக் குன்றைத் தாண்டிப் போய்ச் சுமந்துகொண்டு வருகிறான். மாட்டைப் பூட்டிக் கிணற்றிலிருந்து கவலை இறைத்துத் தண்ணீர் கட்டி, தழையைப் போட்டு மிதிக்கிறான். உவர்த் தண்ணீரில் நின்று நின்று அவன் காலில் வெடிப்பு விழுந்து ரத்தம் கசிகிறது. வேப்பெண்ணெய் போட்டுவிடுகிறேன். "ஏஞ்சாமி, அந்த ஊடு இல்லாட்டி வேற ஊடு, இப்பிடி உசுரை விடோணுமா?" என்று கேட்டேன். அரிவாளை எடுத்துக்கொண்டு கரட்டுப் பக்கம் போய்விட்டான். உங்கள் சௌந்திரத்தை ஒரு தடவை பார்த்திருக்கிறான், ராசிபுரம் தேர்க் கூட்டத்தில். அவ்வளவுதான். இதை அவன் எழுத மறுத்தான். வரி வரியாக நான் சொல்லச் சொல்ல, எழுதினானா இல்லையா என்று பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது கல்லுக்கு உள்ளே ஓரத்தில் அருகு தலை காட்டியிருக்கிறது. மண்ணையும் சேர்த்து வைத்திருக்கிறேன். நிறம் பாருங்கள், நக்கியும் பாருங்கள்.

பெரியநாயகி


வெண்ணந்தூர்
ஆவணி 14

தங்கச்சிக்கு,

பார்த்தேன். நக்கியும் பார்த்தேன். சாம்பல் மண்தான், கரிப்பு குறைவுதான். அருகும் பச்சையாகத்தான் இருந்தது. அது மூலையின் நடுவில் முளைத்ததா, கல்லோரத்தில் முளைத்ததா என்பதை அருகு சொல்லாது. ஓரம் என்று நீங்களே எழுதினீர்கள். அதற்காகத்தான் தங்கச்சி என்று எழுதியிருக்கிறேன்.

ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் சௌந்திரத்தைக் கேட்டு வந்துவிட்டுப் போனார். கரிசல் காடு, இரண்டு கிணறு என்கிறார். என் வீட்டுக்காரி நல்லம்மாள் அதைப் பிடித்துக்கொண்டு என்னைப் பிய்த்து எடுக்கிறாள். ஐப்பசி மழை முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மழை முடிந்து மூலை எப்படி இருக்கிறதோ அதை எழுதுங்கள். அதுதான் கடைசி.

மூன்றாவது பொய் வந்தால் கண்டுபிடிப்பேன். கண்டுபிடிக்க முடியாதபடி வந்தால் அந்தப் பாவம் உங்களோடு.

மருதாசலம்


மல்லசமுத்திரம்
கார்த்திகை 11

அண்ணனுக்கு,

இந்தத் தடவை நானே எழுதுகிறேன். எழுத்து கோணல். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழை நன்றாகப் பெய்தது. கிணறு நிரம்பி வழிந்தது. ஊரெல்லாம் சந்தோஷப்பட்டது, நானும் பட்டேன். மேட்டிலிருந்து ஊறின தண்ணீர் எல்லாம் பள்ளத்தில் வந்து நின்றது. வடிய ஒரு மாதம் ஆயிற்று. வடிந்த பிறகு பார்த்தால் அருகைக் காணோம். அழுகிப்போய்விட்டது. அடியில் கிடந்த உப்பெல்லாம் தண்ணீரோடு மேலே வந்துவிட்டது. மூலை வெளுத்துவிட்டது. மூலை மட்டும் இல்லை, உப்பு கல்லைத் தாண்டிவிட்டது. பருத்தியில் பாதி மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது.

கல்லுக்கு வெளியே முளைத்த செடியை வைத்திருக்கிறேன். இலை தடிப்பாக இருக்கும், கிள்ளினால் நீர் வரும், வாயில் வைத்தால் கரிக்கும். நம் பக்கம் இதற்குப் பேர் இல்லை. கிழக்குச் சீமையிலிருந்து வந்த வளையல்காரர் உமரி என்கிறார், கடலோரத்தில் விளைவதாம். கடலை நான் பார்த்ததில்லை. அது என் தோட்டத்துக்கு வந்துவிட்டது.

மறுபடியும் மிதிப்போம். வடிகால் வெட்ட வேண்டும். எத்தனை வருஷம் ஆகும் என்று தெரியாது, மீளுமா என்றும் தெரியாது. இந்தத் தோட்டத்தை நம்பிப் பெண் கொடுக்க வேண்டாம். கரிசல் காட்டுக்காரருக்குக் கொடுங்கள்.

பெரியநாயகி


வெண்ணந்தூர்
கார்த்திகை 18

பெரியநாயகி அம்மாளுக்கு,

கடிதம் வந்தது. நாலு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் சந்தேகம் கூடினதே தவிரக் குறையவில்லை.

கையெழுத்து ஏன் மாறியது? இத்தனை நாள் எழுதிய மகன் எங்கே? அவருக்குத் தெரியாமல் எழுதினீர்களா, இல்லை எழுதினது வேறு யாராவதா?

களரை மறைக்க ஆட்டை நிறுத்தினவர், வரப்புக் கொழிஞ்சியை மூலைக் கொழிஞ்சி என்று அனுப்பினவர், திடீரென்று அரிச்சந்திரன் வீட்டுக்குப் பக்கத்து வீடாக எப்படி ஆனீர்கள்? திருச்செங்கோட்டுப் பக்கத்து வண்டி ஒன்று உங்கள் வாசலில் நின்றதாகக் கேள்வி. பெரிய இடத்துச் சம்பந்தம் வந்துவிட்டதா? முறித்தவர்கள் என்ற பேர் உங்களுக்கு வேண்டாம், நாங்களே ஓட வேண்டும், அதற்கு ஒரு உமரிச் செடியா? அந்தச் செடியை எங்கே வாங்கினீர்கள்? வளையல்காரரிடமா?

பொய் சொன்னபோது உங்களைப் புரிந்துகொள்ள முடிந்தது. இப்போது முடியவில்லை.

மருதாசலம்


மல்லசமுத்திரம்
கார்த்திகை 24

அண்ணனுக்கு,

வண்டி பருத்தி வாங்க வந்தது. பருத்தி இல்லை என்று போய்விட்டது.

அந்தக் கடிதத்தை எழுத மகன் உட்கார்ந்தான். "உப்பு கல்லைத் தாண்டிவிட்டது என்று எழுது" என்றேன். எழுதவில்லை. மறுபடியும் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். நானும் அவனைத் திட்டவில்லை. ஆறு மாதம் காலில் ரத்தம் வர மிதித்தவன், அந்த வரியை எப்படி எழுதுவான்? தன் கல்யாணம் நின்றுபோகிற கடிதத்தை ஒருவன் தன் கையாலேயே எழுத வேண்டுமா? அதனால்தான் கையெழுத்து மாறியது.

ஏன் உண்மையைச் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். எனக்குப் பெண் இல்லை. உங்கள் மயிலம்மாளை நான் பார்த்ததும் இல்லை. ஆனால் அவள் களை எடுக்கிறாள் என்று நீங்கள் எழுதின நாள் முதல் என் காட்டில் களை எடுக்க வருகிற பெண்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எந்த வீட்டில் எந்தக் கிழவி பொய் சொல்லி இவளைக் கூட்டிவந்தாளோ என்று தோன்றுகிறது. நாளைக்கு என் மருமகள் அப்படி நின்றால் அந்தக் கிழவி நான்தானே.

இனிமேல் எழுத வேண்டாம். உங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கே என் மேல் நம்பிக்கை போய்விடும் போலிருக்கிறது.

பெரியநாயகி


வெண்ணந்தூர்
மார்கழி 6

தங்கச்சிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன்.

ராசிபுரத்துக்காரர் நிச்சயம் பேச வந்தார். காட்டில் உப்பு உண்டா என்று கேட்டேன். சிரித்தார். "உப்பா? எங்க காட்டிலயா?" என்றார். கற்பூரம் மட்டும்தான் பாக்கி. அயோத்தியாப்பட்டணத்தில் பார்த்த அதே சிரிப்பு. அது வெறும் சிரிப்பாகவே இருக்கலாம், அவர் காடு தங்கமாகவே இருக்கலாம். ஆனாலும் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அவர் வண்டி ஏறினதும் நல்லம்மாள் சண்டைக்கு வந்தாள். "அந்த உப்புக் காட்டுக்காரி அப்பிடி என்ன எழுதிட்டா? நீங்களும் மாசம் மாசம் பதில் போட்டுட்டு இருக்கறீங்க" என்றாள். கோபத்தில் உங்கள் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து வந்து உரக்கப் படித்தேன். ஆட்டிலிருந்து உமரி வரைக்கும் விடாமல் படித்தேன். உங்கள் மகன் பேனாவை வைத்துவிட்டுப் போன இடத்தில் நல்லம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் மட்டும் விடவில்லை. இதுவும் ஒரு தந்திரமாக இருக்கும் என்றேன்.

சௌந்திரம் உள்ளே மாவு சலித்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பேச்சு நடக்கிற இடத்துக்கு அவள் வருகிற வழக்கம் இல்லை. சல்லடையைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றாள்.

"ஏனுங்கய்யா, உப்பே இல்லீன்னு சத்தியம் பண்ணுனவங்க ஊட்டுக்கு அக்காளைக் குடுத்தீங்க. உப்பு இருக்குதுன்னு எழுதுனவங்க ஊட்டுக்கு என்னையக் குடுக்க மாட்டேங்கறீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பிப் போய் மாவைச் சலிக்க ஆரம்பித்துவிட்டாள். இத்தனை மாதம் மண்ணை நக்கிப் பார்த்தேன், வேரைப் பார்த்தேன், கையெழுத்தைப் பார்த்தேன். என் பெண் பார்த்ததை நான் பார்க்கவில்லை.

நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை என்று இன்னும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை, தங்கச்சி. என் புத்தி அப்படி ஆகிவிட்டது, இனி மாறாது. கல்யாணத்தன்றுகூட ஏதாவது ஒன்றைக் குனிந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் பெண் உங்களுக்குத்தான். தை பிறந்ததும் வெற்றிலை பாக்கோடு வாருங்கள்.

மருதாசலம்